வண்டியிலேயே குடித்தனம்

எங்கள் பக்கத்தில் வண்டியில் படுத்துத் தூங்குகிறவர்கள் மூன்று வகை. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போய் வரிசையில் காத்துக்கிடக்கிற டிராக்டர்காரர் ஒருவர். திருவிழா முடிந்தும் சாமான் ஏற்ற ஆள் கிடைக்காமல் மாட்டிக்கொண்ட ரேடியோ செட்டுக்காரர் இன்னொருவர். மூன்றாமவர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். மூன்று பேருமே விடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரையாவது திட்டிவிட்டுத்தான் பல் துலக்குவார்கள்.

காசு கொடுத்து வண்டியில் படுக்கிற நாலாவது வகையும் உலகத்தில் உண்டு என்ற செய்தியைப் புதுச்சேரியில் எங்கள் ஊரான கரிக்கலாம்பாக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் என் அக்கா மகன். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனவன், லீவு நாளில் நண்பர்களோடு அப்படியொரு வண்டியை வாடகைக்கு எடுத்துக் கடற்கரை கடற்கரையாகச் சுற்றியிருக்கிறான். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்த கையோடு விஷயத்தையும் பிரித்தான்.

“மாமா, நம்ம ஊருல கேம்பர் வேன் வாடகை கம்பெனி ஒண்ணு போடப்போறேன். யூத்துக்கு. கம்மி பட்ஜெட்டு.”

ஓட்டுவதும் அதில்தான், சமைப்பதும் அதில்தான், படுப்பதும் அதில்தான் என்று விளக்கினான். அக்கா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: “வூடு இல்லாதவங்களுக்காடா?”

“வூடு இருக்கறவங்களுக்குதாம்மா.”

“அப்ப வூட்டுல யாரு படுப்பாங்க?”

இதற்கு அவனிடம் பதில் இல்லை. உலக அளவில் இந்தத் தொழில் செய்கிற யாரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆனால் தொழில் பெரிய தொழில்தான். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் பிறந்த ‘விக்கெட் கேம்பர்ஸ்’, நியூசிலாந்தில் 2001இல் சகோதரர்கள் இருவர் தொடங்கிய ‘ஜூசி’, போர்ச்சுகலில் 2013இல் வந்த ‘இண்டி கேம்பர்ஸ்’ என்று அவன் பட்டியல் போட்டான். ஓடித் தேய்ந்த வேனை வாங்கு, சீட்டைக் கழற்று, பலகை அடி, மெத்தை போடு, வெளியே பெயின்ட் அடித்து இருபது வயசுக்காரர்களிடம் கொடு. சூத்திரம் அவ்வளவுதான். ஜூசியின் பச்சை நிறத்தை நம் ஊர் மினி பஸ்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். விக்கெட் கேம்பர்ஸ்காரர்கள் வண்டியின் முதுகில் எழுதிய வாசகங்களோ குடும்பத்தோடு படிக்க முடியாத ரகம். மக்கள் கொதித்துப்போய், 2017இல் குவீன்ஸ்லாந்து அரசு, ஆபாச வாசகத்தை எடுக்காத வண்டியின் பதிவையே ரத்து செய்யலாம் என்று சட்டம் போட்டது.

வண்டி முதுகில் எழுதுவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ‘தாய் தந்த வரம்’, ‘பார்த்துப் போ மகனே, பாதையில் பள்ளம்’ என்றெல்லாம் எழுதி, கீழே பிள்ளைகள் பெயரையும் போட்டுவைத்த ஊர். என்ன ஒன்று, நம் வண்டிகள் புத்தி சொல்லும். அவர்கள் வண்டி புத்தியைக் கெடுக்கும்.

மூலதனம் கேட்டு மருமகன் போய் நின்ற இடம் எதிர்வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு இன்றைக்கும் பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர். இங்கே தொழில் தொடங்குகிறவன் பேங்குக்குப் போவதற்கு முன் ஒரு சொல்தா வீட்டுக்குப் போவான். தாத்தா முழுக்கக் கேட்டார். “ராணுவத்துல வண்டியில படுக்க எனக்குச் சம்பளம் குடுத்தான் வெள்ளக்காரன். நீ படுக்கறவன்கிட்டயே காசு கேக்கற. நல்லா வருவ” என்றார். ஆசீர்வாதம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

வண்டியிலேயே வாழ்ந்துகொண்டு தேசம் தேசமாகப் போகிற கூட்டம் புதுச்சேரிக்குப் புதிதும் இல்லை. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியது. அடுத்த வருஷமே பாரிஸிலிருந்து ஒரு கூட்டம் வண்டிகளில் ஏறித் தரைவழியாகவே இங்கே வந்து இறங்கியது. 1974இல் இன்னொரு கூட்டம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இப்படிக் கிளம்பியவர்கள் பலருக்கும் வாகனம், மூக்கு உருண்ட ஃபோக்ஸ்வேகன் வேன். 1950இல் அது விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வேனுக்கு ஒரு பங்காளி உண்டு. ஹாம்பர்க்கில் டெம்போ என்ற கம்பெனி 1949இல் மேட்டடார் என்று ஒரு வண்டி விட்டது. ஆரம்பத்தில் அதற்குள் ஓடியதும் ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்தான். ஃபோக்ஸ்வேகனே வேன் செய்யத் தொடங்கியதும் எஞ்சின் தருவதை நிறுத்திக்கொண்டது. பங்காளி என்றால் அப்படித்தானே. அந்த டெம்போ கூட்டில் 1958இல் இந்தியாவில் பிறந்தது பஜாஜ் டெம்போ. பிற்பாடு அது மேட்டடார் பேரிலேயே வேன் விட்டது. 1987இல் டெம்போ டிராவலர் விட்டது. 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆக, ஹிப்பிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பங்காளி காபூல் வழியாக வந்துகொண்டிருந்தால், இன்னொரு பங்காளி எங்களை ஏற்றிக்கொண்டு மேல்மருவத்தூர் போய்வந்தான்.

இதை மருமகனுக்குப் புரியவைக்கத்தான் நான் படாத பாடு பட்டேன். டேய், கம்மி பட்ஜெட்டில் வண்டியில் தங்கி ஊர் சுற்றுவதை நாங்கள் எப்போதோ முடித்துவிட்டோம். அதற்கு டூர் வேன் என்று பேர்.

டூர் வேன் கிளம்புகிற காட்சியைப் பார்த்திருக்கவேண்டும். மேலே கேரியரில் அண்டா, அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் கரண்டி. பக்கத்தில் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, கயிறு கட்டிய பாய்ச் சுருள். உள்ளே சீட்டுக்கணக்கு ஒன்று, ஆள்கணக்கு வேறு. பிள்ளைகளுக்கு எஞ்சின் பெட்டிமேல் துணி மடித்துப் போட்ட தனி சிம்மாசனம். சூடு தாங்காமல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மாறி உட்காரும். முதல் நாள் புளிச்சோறு கையில். மறுநாளிலிருந்து, ரோட்டோரம் மோட்டார் கொட்டகையில் தண்ணி கொட்டுகிற சத்தம் கேட்டால் டிரைவர் தானாகவே பிரேக் போடுவார். ஆண்கள் குளிப்பார்கள், பெண்கள் துவைப்பார்கள், சமையலுக்கென்றே கூட்டிவந்த பெரியப்பா உலை வைப்பார். ஈரப் புடவை ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு, அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும். ராத்திரி பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள். ஆண்கள் வண்டி ஓரம் ஜமக்காளத்தில். டிரைவர் மட்டும் கேரியரில் ஏறி, அண்டாவை ஒதுக்கிவிட்டு, நட்சத்திரத்தைப் பார்த்துப் படுப்பார். வெளிநாட்டு விளம்பரத்தில் காட்டுகிற அந்தச் சுகத்தை எங்கள் ஊரில் முழுதாக அனுபவித்தவர் அவர் ஒருவர்தான்.

செலவு? தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, நோட்டில் எழுதி, திரும்பிவந்து ஒரு மாசம் சண்டை போடுவோம்.

வெள்ளைக்காரப் பிள்ளை வண்டி எடுப்பது வீட்டு ஆட்களிடமிருந்து கொஞ்ச நாள் தப்பிக்க. நாங்கள் வண்டி எடுப்பது வீட்டு ஆட்களில் ஒருத்தரும் தப்பிக்காமல் இருக்க. தொழில் ஒன்றுதான், சரக்குதான் வேறு. மருமகன் தலையாட்டினான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தலையாட்டினால் கேட்கவில்லை என்று பொருள்.

அடுத்து சட்டம். புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டர் கடை தெருவுக்குத் தெரு இருப்பதைப் பார்த்து, வேனும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் 1997ஆம் வருஷத் திட்டத்தில் ஐந்து வண்டி இருந்தால் உரிமம் கேட்கலாம். நாமே ஓட்டிக்கொள்கிற கார் வாடகைக்கு 1989ஆம் வருஷத் திட்டம்; அதில் குறைந்தது 50 வண்டி வேண்டும், பாதியாவது ஏசியாக இருக்கவேண்டும். எங்கள் ஊர் மாடுகளையும் சேர்த்து எண்ணினால்கூட ஏசி கணக்கு இடிக்கும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடவே கூடாது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வேண்டும். இது போதாதென்று, கம்பெனி கொடுத்த வண்டியின் உருவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முறையாகக் கட்டுகிற மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனி விதிமுறையே உண்டு.

முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ என்று பெரிதாக அறிவித்து, வாகமனில் வண்டி நிறுத்திப் படுப்பதற்கென்றே பூங்கா திறந்தது. சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் வளர்ந்த ‘கேம்பர்வேன் ஃபேக்டரி’யோடு 2022இல் மஹிந்திரா கைகோத்து, பொலேரோ பிக்கப் மேல் நாலு பேர் படுக்கிற வண்டி கட்டப்போவதாகச் சொன்னது. கழிவறை, ஷவர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் உண்டு. மருமகனின் பட்ஜெட்டில் அந்த ஃபிரிட்ஜின் கதவு வரும்.

அவன் வாங்கியது பழைய மாருதி ஆம்னி. 1984இல் வந்து 2019இல் தயாரிப்பு நின்றுபோன நம்ம வேன். தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கென்றே அவதரித்தது. அதன் பின்சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளூர் ஆசாரியை வைத்து பிளைவுட் பலகை அடித்தான். “ஸ்க்ரூ போட்டாத்தான் மாத்தம் மாமா. சும்மா தூக்கி வெச்சா அது சாமான்” என்றான். சட்டம் படிக்கப் போயிருக்கலாம். பலகைக்கு அடியில் ரெண்டு பர்னர் அடுப்பு, சின்ன சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணி கேன். மேலே அக்கா வீட்டுப் பஞ்சு மெத்தை, வண்டி அகலத்துக்கு மடித்தது. ஜன்னலுக்குத் திரை, அக்காவின் பழைய பூனம் புடவை.

கழிவறை எங்கே என்றேன். நியூசிலாந்தில் 2023இல் கொண்டுவந்த சட்டப்படி, பொது இடத்தில் இலவசமாகத் தங்குகிற வண்டிக்குள் கழிவறையை நகர்த்த முடியாமல் பொருத்தியே இருக்கவேண்டும். தூக்கிவைக்கிற டப்பா செல்லாது. இதைச் சொன்னவனும் அவனேதான். “இங்க பெட்ரோல் பங்க் இருக்கு மாமா” என்றான். நம்பிக்கைதான் வாழ்க்கை.

சுற்றுலாத் திட்டமும் கையில் இருந்தது. அதில் நான் குறை சொல்லமாட்டேன். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா கோயிலும், சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி, ராத்திரி பாகூர் ஏரிக்கரை. நடுவில் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடி ஓட்டுப் போட்டு, 170 பேர் புதுச்சேரி இந்தியாவோடு சேரலாம் என்று சொன்ன இடம். வெள்ளை நகரத்து மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிப்போகிற பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுத்துவர ஒருத்தன் நினைத்ததே பெரிது.

வெள்ளோட்டம் ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில். அவனும் அவன் சிநேகிதனும். குளிர்தேசத்தில் உள்ளேயிருக்கிற வெப்பம் வெளியே போகாமல் காக்கத்தான் வண்டியை அடைத்துப் படுக்கிறார்கள். இங்கே மே மாசத்தில் அடைத்துப் படுத்தால் காலையில் இட்லியாகத்தான் எடுக்கவேண்டும். கதவைத் திறந்தால் கொசு. ஒரு மணி நேரத்துக்குக் கதவு, ஒரு மணி நேரத்துக்குக் கொசு என்று முறை வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பூகோளம் தெரியாது. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. வண்டியில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி, பாகூர் தனித் துண்டு. இங்கே பாட்டில் விலை குறைவு, அங்கே அதிகம். ஆகவே ராத்திரி நேரத்தில், எல்லைக்குப் பக்கத்தில், திரை போட்ட ஆம்னி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நின்றால் அதைச் சுற்றுலா என்று நினைக்கிற போலீஸ்காரர் இன்னும் பிறக்கவில்லை. டார்ச் வெளிச்சம் வந்தது.

“வண்டியில இன்னா சரக்கு?”

“சரக்கு இல்ல சார், தூங்கறோம்.”

“தூங்கறதுக்கு எதுக்குத் திரை?”

பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள். அடுப்பு, கேன், ஒரு தூக்குவாளி எலுமிச்சைச் சாதம்.

“வூடு எங்க?”

“தோ, அந்தத் தெருதான் சார்.”

டார்ச் அணைந்தது. குரலும் இறங்கிவிட்டது. “அம்மாகூடச் சண்டையா தம்பி? எதுவா இருந்தாலும் வூட்டுக்குப் போயிப் பேசு. வா, நான் வேணா வந்து சொல்றேன்.”

நள்ளிரவில் போலீஸ் துணையோடு மகன் வந்து இறங்கியதைப் பார்த்து அக்கா போட்ட கூச்சலில், தொழில் தொடங்காமலேயே விளம்பரம் கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் சந்திப்பில் டீ குடித்தவர்கள் எல்லோருக்கும் கட்டில் போட்ட ஆம்னி தெரிந்திருந்தது. வெளிநாட்டு வாலிபர் யாரும் வரவில்லை. ஏம்பலத்திலிருந்து எங்கள் அத்தை வந்தாள். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். பூனம் புடவையை அடையாளம் கண்டுபிடித்து அது எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று சொன்னாள்.

“படுக்கறதுக்கு எத்தினி பேருடா?”

“ரெண்டு பேரு ஆயா. நல்லா கால நீட்டிப் படுக்கலாம்.”

“அத வுடு. பலகையத் தூக்கிட்டா உக்கார்றதுக்கு எத்தினி பேரு? வெள்ளிக்கிழம மேல்மருவத்தூரு போவணும், நாங்க பதினோரு பேரு.”