பத்தாவது சிகரம்

காணியும் முதலும் உழைப்பும் பிறருடையனவாக இருக்க, மேற்பார்வையை மட்டும் விலைக்கு விற்கும் தொழிலுக்குக் கொழும்பில் இன்று கருத்திட்ட முகாமைத்துவம் என்று பெயர். அது ஊவாவில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே முற்றி விளைந்திருந்தது என்பதற்குச் சான்று வேண்டுவோர், அங்குள்ள தேயிலைத் தோட்டப்புறத்துப் பெரிய கங்காணி என்னும் இனத்தை ஆராய்தல் வேண்டும். கண்காணிப்பவன் கண்காணி, வாய்வழக்கில் அது கங்காணியாயிற்று. ஆங்கிலேயரும் அச்சொல்லை மாற்றாமல் ஏற்றுக்கொண்டமையால், கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் அடுத்துத் தமிழர் செய்த ஏற்றுமதி அது எனலாம்.

ஊவாவிலுள்ள நமுனுகுல மலையின் பெயருக்குச் சிங்களத்தில் ஒன்பது சிகரம் என்று பொருள். பெரிய கங்காணி கோட்டணிந்து நின்றால் பத்து. தலைப்பாகை, கடுக்கன், கறுப்புக் கோட்டு, வெள்ளிப்பூண் தடி, வேட்டி என்று அவர் இடுப்புக்கு மேலே பெரும்பாலும் இலண்டனுக்கும் கீழே திருச்சிராப்பள்ளிக்கும் விசுவாசமாக இருந்தார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் மடங்கும் அவரது குடை, தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் திரும்பியதும் மழையை எதிர்பாராமலே விரியும்.

அவரது வணிகத்தின் நுட்பம் வருமான வழிகளில் இருந்தது. துரை கொடுத்த முன்பணத்தோடு தமிழ்நாட்டிலுள்ள சொந்த ஊருக்குப் போய், உறவினரையும் ஊராரையும் திரட்டி, வழிச்செலவு, சோறு, கம்பளி அனைத்தையும் அவரவர் பெயரில் கடனாக எழுதி, மலையேற்றிக் கொண்டுவந்தார். அதன்பின், பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில் நின்று வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சில சதம் வீதம் அவருக்குக் கிடைத்தது, இதுவே தலைக்காசு. வராத தலைக்குக் காசில்லையாதலால் தொழிலாளரின் உடல்நலத்தில் அவருக்கு அளவற்ற அக்கறை இருந்தது; காய்ச்சலை விசாரிக்க அவர் லயத்துக்கு வருவார், விசாரித்து முடித்ததும் காய்ச்சல்காரர் பெரட்டுக்கு வருவார். கீழ்க்குழுக்களை மேய்த்த சில்லறைக் கங்காணிகள் மைத்துனராகவோ மருமகனாகவோ அமைவது வழக்கம். திறமை அக்குடும்பங்களில் அப்படித்தான் பரவியிருந்தது போலும்.

எனினும் அவருடைய பெருங்காவியம் துண்டு. குறிப்பிட்ட கடன் தொகையைக் கட்டினால் இக்கங்காணியின் ஆட்களை விடுவிப்பதாக ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. அதைக் காட்டி மற்றொரு தோட்டத்தில் பணம் பெற்று, பழைய கடனை அடைத்து, புதிய முன்பணத்தையும் சேர்த்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தோடும் அவர் மலை மாறுவார். பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி கடன் பருத்தது. கடன் பருக்கப் பருக்க மதிப்பும் பருத்தது. மற்றவர் சொத்தைக் காட்டிக் கடன் வாங்கிய உலகில், அவர் கடனைக் காட்டிச் சொத்துச் சேர்த்தார். அந்தக் கடனைச் சுமந்த தலைகள் மட்டும் எந்த ஏட்டிலும் இலாபப் பக்கம் ஏறவில்லை. கொழுந்தின் விலையை நிர்ணயித்த இலண்டன் மின்சிங் லேன் ஏலக்காரருக்கு அவர் பெயர் தெரியாது, அவருக்கும் அந்தத் தெரு தெரியாது. ஆயினும் இருவரும் ஒரே கொழுந்தில் பிழைத்தனர். ஆட்கள்மீது கங்காணிக்கிருந்த பிடியைத் தளர்த்தத் துரைமார் 1904இல் திருச்சிராப்பள்ளியில் ஆள்சேர்ப்பு அலுவலகம் திறந்தனர். திறந்துவிட்டு, ஆள் சேர்க்கக் கங்காணியையே அனுப்பினர்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. 1939இல் இந்தியா தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தபோது ஊருக்குப் போய் ஆள் பிடிக்கும் வேலையும் நின்றது. பிறர் தலைகளை எண்ணிக் காசு பெற்றவரின் வாரிசு, இன்று கொழுந்து மலையில் நின்று தம் ஒரு தலைக்கு மட்டும் சம்பளம் பெறுகிறார். 1992இல் இலங்கை அரசு, நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தோட்ட நிர்வாகத்தை இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. வந்தவர்கள் கோட்டணிந்திருந்தனர், தலைப்பாகைதான் இல்லை.