புதினா நசுக்கியல்: ஆலங்குளத்திலிருந்து ஒரு முதற்கட்ட ஆய்வு

இவ்வாய்வின் களம் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தார் உரிமை கொண்டாட வேண்டாம். அவர்களுக்குத் தனி ஆய்வுத் தொகுதி வரும். நம் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியது 1970இல். சுண்ணாம்புக்கல்லை உடைத்து, பொடித்து, சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, வெளிவரும் கிளிங்கரை ஜிப்சம் சேர்த்து மறுபடியும் அரைப்பதுதான் சிமெண்ட் தொழில். நசுக்குவதைப் பற்றி வாய் திறக்க இதைவிடத் தகுதியான ஊர் ஏது?

ஆய்வுப் பொருள் மொஜிட்டோ. கியூபாவில் ரம்மோடு பிறந்த பானம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வரும் வழியில் ரம்மை எங்கோ இறக்கிவிட்டு, சோடாவும் சிரப்புமாக ஜூஸ் கடைகளில் ஏறிக்கொண்டது. புதினா, எலுமிச்சை, சர்க்கரை மூன்றையும் டம்ளரில் போட்டு மரக்கட்டையால் நசுக்க வேண்டும். வெளிநாட்டு பார்களில் அந்தக் கட்டைக்குத் தனிப் பெயரும் தனி விலையும் உண்டு. இங்கே பருப்பு மத்தே போதும்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1999 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கனடா ஆய்வாளர்கள் சிலர் ஜேம்ஸ் பாண்டின் மார்ட்டினியைச் சோதித்து எழுதினார்கள். குலுக்கியது, கலக்கியதைவிட ஹைட்ரஜன் பெராக்சைடை நன்றாக முறித்ததாம். குலுக்கினால் மார்ட்டினியில் இருக்கும் ஜின்னுக்கு அடிபட்டுவிடும் என்று பதறும் கட்சியும் ஒன்று உண்டு. திரவத்துக்கு எங்கே அடிபடும்? குலுக்கலில் காற்றுக் குமிழும் ஐஸ் துணுக்கும் சேர்ந்து பானம் கலங்கும், ஐஸ் உருகித் தண்ணீர் கூடும், அவ்வளவுதான். அடிபடுவதற்கென்றே பிறந்தது இலை. ஆகவே இலைக்கு வருவோம்.

சிமெண்டில் பொடி எவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் இறுகும். இந்தக் கோட்பாட்டை அப்படியே டம்ளருக்குள் இறக்கியதுதான் நம் கடைகளில் நடக்கும் பிழை. காரணம், சரக்கு இருக்கும் இடம் வேறு. பூண்டு தன் மணத்தை இரண்டு பங்காகப் பிரித்து செல்லுக்குள் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறது. நசுக்கி அறைகளை உடைத்தால்தான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் ஆகும். ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவது அதனால்தான். இஞ்சியும் எண்ணெயை நாருக்கிடையில் உள்ளே வைத்திருப்பதால் டீக்கடையில் அடி வாங்குகிறது. புதினாவோ மணத்தை வெளித் திண்ணையிலேயே வைத்திருக்கிறது: இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பைகள். லேசாக அமுக்கினாலே அவை உடைந்துவிடும். அதற்கு மேல் இடித்தால் இலைச்சதை கிழிந்து, புல் வெட்டும்போது கிளம்பும் அதே பச்சை வாடை வரும், கசப்பு ஏறும், சற்று நேரத்தில் இலை கறுத்தும் போகும். துணுக்குகள் ஸ்ட்ராவுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும்; உறிஞ்சுபவர் கன்னம் ஒட்டும், சோடா வராது. தப்பி வந்த துணுக்கு முன்பல்லில் உட்கார்ந்துகொள்ளும். எதிரில் இருப்பவர் சொல்லும்வரை தெரியாது.

எலுமிச்சையில் கணக்கு மறுபடி மாறுகிறது. நல்ல எண்ணெய் மேல்தோலில். அதற்கடுத்த வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் கசப்பு. சர்க்கரைக் குருணை தோலை உரசி எண்ணெயை இழுத்துத் தரும். விதையை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இவ்வளவும் கடைக்காரருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கலாம். தடை வாடிக்கையாளர் பக்கம்.

"என்னண்ணே, இலை முழுசாக் கெடக்கு? நல்லா இடிங்க."

"இடிச்சாக் கசக்கும் தம்பி."

"காசு குடுக்கோம்லண்ணே."

டொக் டொக் என்று சத்தம் கேட்டால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறது என்று நம்பிக்கை வருகிறது. எனவே இவ்வாய்வு முன்வைக்கும் நடைமுறை: முதலில் எலுமிச்சையும் சர்க்கரையும் மட்டும், கடை வாசல்வரை கேட்கும்படி. பிறகு, ஆள் போனைப் பார்க்கும் நேரத்தில் புதினாவைப் போட்டு இரண்டே அமுக்கு.

இலையை உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒரு தட்டுத் தட்டி அப்படியே டம்ளரில் போடும் வழக்கமும் வெளிநாட்டு பார்களில் உண்டு. எண்ணெய்ப் பைகள் உடையும், இலை கிழியாது. அறிவியல்படி குறை சொல்ல முடியாத முறை. ஆலங்குளத்தில் அதைச் செய்தால், "கை கழுவுனீங்களாண்ணே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.