மானையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்

நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்பின் அழகைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவரும் வீட்டு உரிமையாளர் சங்கத்து அழகுக் கமிட்டிப் பெருந்தகைகளுக்கு,

தங்கள் நோட்டீஸ் கிடைக்கப் பெற்றேன். ரோஜாச் செடிகளைச் சுற்றியுள்ள வலை நான்கு அடிக்கு மேல் போகிறது, பத்து நாளுக்குள் அவிழ்க்காவிட்டால் அபராதம் என்று இவ்வளவு மரியாதையாக யாரும் மிரட்டியதில்லை. சாட்சியாக இணைத்திருக்கும் வண்ணப்படம் இன்னும் அருமை. அதில் வலை ஒரு மூலையில் மங்கலாகத் தெரிகிறது. நடுவில் துல்லியமாகத் தெரிவது, வலையில்லாத பாத்தியில் நின்றுகொண்டு, ஹோஸ்டா இலையொன்று வாயோரம் தொங்க, காமிராவை நேராகப் பார்க்கும் மான். நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நியாயம்தான். தலையைத் தூக்காதவரை அது நான்கு அடிக்குள்தான் நிற்கிறது. விதியை மதிக்கும் அந்த ஜீவனைச் சங்கத்தின் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழியவே இக்கடிதம். அனுபவிக்கும் உரிமையெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பாக்கி சந்தாப் புத்தகம் மட்டும்தான்.

தங்கள் நான்கு அடி விதியின் ஞானத்தைச் சந்தேகிப்பவன் அல்ல நான். ஆனால் வெள்ளைவால் மான் எட்டு அடி தாண்டும். தோட்டக்கலை தெரிந்த எவரைக் கேட்டாலும் எட்டு அடி வேலி என்றுதான் சொல்வார்கள். ஆக, நான்கு அடி வேலி மானுக்கு வாசற்படி. அதுவும் உள்ளே தெரியும்படி இடைவெளி விட்ட பலகை வேலியாகத்தான் இருக்கவேண்டும் என்று விதி சொல்கிறது. இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மான் தாண்டத் தயங்கும். அந்தச் சங்கடமும் அதற்கு வரக்கூடாது என்று யோசித்த மனத்தை என்னவென்று புகழ்வது? ‘ரோஜாவைத் தின்றது முயலாக இருக்கலாம்’ என்றும் தங்கள் அலுவலகம் ஒரு வாதம் வைத்திருக்கிறது. முயல் கடித்த தண்டு கத்தரியால் வெட்டியதுபோல் சாய்வாக இருக்கும். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் பற்றி இழுத்துக் கிழிக்கும். நார் நாராகத் தொங்கும் ரோஜாத் தண்டு, அதுவும் இடுப்புயரத்தில். முயல் என்றால் அது ஏணி வைத்துத்தான் ஏறியிருக்கவேண்டும்.

‘மான் தின்னாத செடிகளை வையுங்கள்’ என்று ஒரு துண்டுப் பிரசுரமும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல யோசனை, நம் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகமே செடிகளைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் நான்கு வகுப்புகள். கடைசி வகுப்பு அடிக்கடி பலத்த சேதம் காண்பவை. முதல் வகுப்பு அரிதாகச் சேதம் காண்பவை. ‘சேதமே காணாதவை’ என்று ஒரு வகுப்பு கிடையாது, கவனித்தீர்களா? எழுதியவர்களுக்கு மானைத் தெரியும். டாஃபடில் கிழங்கிலும் இலையிலும் நஞ்சு உண்டு, மான் தொடாது. லாவெண்டர் பக்கமும் அதிகம் போகாது. ட்யூலிப் மொட்டை மட்டும் விரியுமுன் கொய்துவிடும். அப்படியானால் எந்தப் பூ பூக்கலாம் என்று முடிவு செய்கிற கமிட்டி எது, தங்களுடையதா, அதனுடையதா? இதற்குத்தான் அதை உறுப்பினராக்கச் சொல்கிறேன். கமிட்டித் தலைவராகவே ஆக்கினாலும் ஆட்சேபணை இல்லை.

விரட்டு மருந்து அடிக்கலாமே என்பீர்கள். சோப்புக் கட்டி தொங்கவிடலாம், சலூனில் முடி வாங்கிவந்து தூவலாம், கயோட்டி மூத்திரம் பாட்டிலில் விற்கிறது. இருப்பதற்குள் ஓரளவு வேலை செய்வது அழுகிய முட்டைக் கரைசல்தான். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும், புதுத் தளிர் விட்டால் மறுபடி அடிக்கவேண்டும், பசி முற்றிய மான் அதையும் சகித்துக்கொள்ளும். துர்நாற்றத்துக்கும் அபராதம் உண்டென்று தங்கள் விதிப் புத்தகமே சொல்கிறது. வேலி போட்டால் அபராதம், மருந்தடித்தால் அபராதம், செடி செத்து மண் தெரிந்தால் ‘பராமரிப்பின்மை’ என்று அதற்கும் அபராதம். மாதாமாதம் சந்தா வாங்குகிறீர்களே, இந்த மூன்றில் எதைச் செய்யச் சொல்கிறீர்கள்? ஒருவராவது வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். காமிராவோடு தெருத்தெருவாக அலைய ஆள் இருக்கிறது, பதில் எழுத ஆள் இல்லையா? மன்னிக்கவேண்டும், பேனா வழுக்கிவிட்டது. தங்கள் பொறுமை உலகறிந்தது.

‘இது அவற்றின் காடு, நாம்தான் வந்தேறிகள்’ என்று கமிட்டியில் ஒரு கருணை உள்ளம் சொல்லக்கூடும். பாதிதான் உண்மை. கண்மூடித்தனமான வேட்டையால் 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களே மிஞ்சின. இன்று ஏறத்தாழ 3 கோடி. சட்டம் காப்பாற்றியது, ஓநாயையும் பூமாவையும் இந்தப் பக்கத்தில் நாம் ஒழித்துக்கட்டினோம், பிறகு காட்டை வெட்டி, ஓரத்தில் கொஞ்சம் மரம் விட்டு, நடுவில் உரம் போட்ட பூச்செடிகளை வைத்தோம். அடர்காட்டைவிடக் காட்டோரம்தான் மானுக்குப் பிடிக்கும். நாம் பந்தி போட்டோம், அது வந்து உட்கார்ந்தது. எனவே மான்மேல் எனக்குக் கோபமில்லை. பிரின்ஸ்டன் ஊரில் மான்களைக் குறைக்க 2001-இலிருந்து ஆள் வைத்துச் சுட்டார்கள். அப்படி எதையும் நான் கேட்கவில்லை. இருக்கிற வழிகளிலேயே மான்மேல் ஒரு கீறலும் படாத வழி வலைதான். கருணை பேசுபவர்கள் முதலில் வலைக்கல்லவா கை தூக்கவேண்டும்? முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தத் தெருவில் நாலைந்து வீடாவது இருப்போம். பாரி இங்கே அதைச் செய்திருந்தால் புல்தரையில் வாகனம் நிறுத்தியதற்கு நோட்டீஸ் போயிருக்கும். மறுநாள் முல்லையும் போயிருக்கும்.

மிஞ்சுவது அழகும் வீட்டு விலையும். கறுப்பு பாலிப்ரொப்பிலின் வலையைத் தெருவிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே புலப்படாது. தங்கள் படத்திலேயே தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது. மொட்டையாக நிற்கும் ரோஜாத் தண்டுகள் தேடாமலே தெரியும். வீடு வாங்க வருகிறவர் எதைப் பார்த்து முகம் சுளிப்பார்? அப்படியும் நான்கு அடிதான் என்றால், இன்னொரு வழி இருக்கிறது. நான்கு அடி உயரத்தில் இரண்டு வேலிகள், ஒன்றுக்கும் மற்றதற்கும் நான்கைந்து அடி இடைவெளி. மான் உயரம் தாண்டும், அகலம் தாண்டும், இரண்டையும் சேர்த்துத் தாண்டத் தயங்கும். நடுவில் இறங்கவும் அதற்கு மனம் வராது. ஒவ்வொரு வேலியும் தங்கள் விதிக்குள் அச்சுப்பிசகாமல் அடங்கும். வரைபடமும் விண்ணப்பக் கட்டணமும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதையும் நிராகரிப்பதாக இருந்தால், புது உறுப்பினரின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அதன் கீழேயே இணைத்திருக்கிறேன். முகவரி என்ற இடத்தில் என் வீட்டு எண்ணைத்தான் போட்டிருக்கிறேன், சாப்பாடு இங்கே என்பதால். சந்தாவை மட்டும் தயவுசெய்து அதனிடம் தனியாக வசூலித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத உறுப்பினர்