எங்கிட்டு இறங்கும்?

பொங்கல் விடுமுறைக்குப் புதுக்கோட்டைக்காரர் ஊரை விட்டுக் கிளம்புவது அந்த மாவட்டத்தில் சந்தேகத்துக்குரிய செயல். ஜனவரி பிறந்ததும் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மாவட்டத்தின் ஏதாவது ஒரு மூலையில் காளை ஓடிக்கொண்டே இருக்கும். வெளியூர்ச் சொந்தமெல்லாம் பெட்டியோடு வந்து இறங்கும் அந்த நேரத்தில், ஐம்பதைத் தொட்ட ஒருவர் மனைவி, மகள், மகன், தாயார் சகிதம் பொள்ளாச்சிக்குப் போய் பலூனில் ஏறப்போவதாக அறிவித்தார். "பொள்ளாச்சியில பொண்ணு கிண்ணு கேட்டு வந்துருக்காகளா?" என்று தெருவில் விசாரித்தார்கள். பலூனுக்காகத்தான் என்பதை யாரும் நம்பவில்லை.

யோசனை மகளுடையது. துருக்கியின் கப்படோக்கியாவில் விடியற்காலையில் நூறு பலூன்கள் ஒன்றாக எழும்பும் வீடியோவை அவள் அப்பாவுக்குக் காட்டினாள். அப்பா பாஸ்போர்ட் எடுக்கிற செலவை நினைத்து, "நம்ம பக்கத்துல இல்லையா?" என்றார். இருந்தது. 2015-இல் பொள்ளாச்சியில் தொடங்கிய தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா பொங்கலை ஒட்டி நடப்பது வழக்கம். 2025-இல் பத்தாவது முறையாக நடந்தபோது திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை என மூன்று ஊர்களுக்குப் பரவியிருந்தது. பாஸ்போர்ட் செலவு மிச்சமான சந்தோஷத்தில் அவர் லாட்ஜுக்கு முன்பணம் கட்டினார்.

பிள்ளைகள் அப்பத்தா என்று கூப்பிடும் அவருடைய தாயார்தான் விசாரணையை முறையாக நடத்தினார்.

"எங்கிட்டு ஏறணும்?"

"பொள்ளாச்சியில, ஆத்தா."

"எங்கிட்டு இறங்கும்?"

"அது காத்துதான் முடிவு பண்ணும்."

"அப்ப டிக்கெட்டுல என்ன ஊருன்னு போட்டுருக்கான்?"

விமானத் துறை அதிகாரிகூட இவ்வளவு சீக்கிரம் விஷயத்துக்கு வந்திருக்க மாட்டார். பலூனில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. பர்னரைத் திறந்தால் ஏறும். உச்சியில் இருக்கும் துணி மூடியைக் கயிறு பிடித்து இழுத்தால் சூடான காற்று வெளியேறி இறங்கும். பைலட்டின் கையில் இருப்பது இந்த இரண்டுதான். காற்று ஒவ்வோர் உயரத்தில் ஒவ்வொரு திசையில் அடிக்கும் என்பதால், தனக்கு வேண்டிய பக்கம் போகிற காற்றை மேலும் கீழும் தேடிப் பிடித்து அதோடு ஒட்டிக்கொள்வதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. இந்தியாவில் அதற்கென்றே தனியாக பலூன் பைலட் உரிமம் தருகிறார்கள். அவ்வளவு படித்தவரையும் நம்பாமல், கீழே சாலையில் ஒரு ஜீப் பலூனைத் துரத்திக்கொண்டே போகும்.

சீவக சிந்தாமணியின் விசயைக்கு அந்த ஜீப்பும் இல்லை. உ.வே.சா. 1887-இல் அச்சேற்றிய அந்தக் காப்பியத்தில், மன்னன் சச்சந்தன் நிறைமாத மனைவி விசயையை மயில் வடிவப் பறக்கும் பொறியில் ஏற்றி அரண்மனையிலிருந்து தப்பவைக்கிறான். ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். இயக்கும் முறையையும் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தான். எங்கே இறங்க வேண்டும் என்பதுதான் திட்டத்தில் இல்லை. பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு விசயை மயங்கிச் சாய, பொறி தன் போக்கில் போய் சுடுகாட்டில் இறங்கியது. அவள் மகன் சீவகன் அங்கேதான் பிறந்தான். தமிழில் விவரமாகச் சொல்லப்பட்ட ஒரு வான்பயணமே சொல்லாத இடத்தில் இறங்கியிருக்கிறது என்றால், அப்பத்தாவின் கேள்வியை வெறும் கிராமத்துக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

மணப்பாறை முறுக்கும் திண்டுக்கல் பிரியாணியுமாகப் பயணம் நடந்தது. பழனியில் வண்டியை நிறுத்தாவிட்டால் மேற்கொண்டு நகர முடியாது என்று அப்பத்தா சொன்னதால், எல்லோரும் ரோப் காரில் மலையேறினார்கள். குடும்பத்தில் ஐந்து பேரும் அந்தரத்தில் தொங்கியது அதுவே முதல் முறை. பலூன் ஏறக் கிளம்பியவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பத்தா மட்டும் கீழே எட்டிப் பார்த்து, படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறும் கூட்டத்தின் மேல் இரக்கப்பட்டுக்கொண்டு போனார்.

பலூனுக்குப் போகிறவர் முதலில் தியாகம் செய்ய வேண்டியது தூக்கத்தை. லாட்ஜில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அலாரம் அடித்தது. மனைவிக்குக் கோபம். "சூரியன் உதிக்கிறதப் பாக்குறதுக்கு நார்த்தாமலை இல்லையா? பாறையில ஏறி விஜயாலய சோழீஸ்வரத்து முன்னாடி உக்காந்தா காசில்லாமத் தெரியும். அங்க ஒரு நாளாவது கூட்டிட்டுப் போயிருக்கீகளா?" ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து அந்தக் கோயில் அங்கேயேதான் இருக்கிறது, வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். அவரிடம் பதில் இல்லாததால் மங்கி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விடியலில் பறப்பது அழகுக்காக மட்டும் இல்லை. வெயில் ஏறினால் தரை சூடாகும். வயல் ஒரு மாதிரியும் தார்ச்சாலை ஒரு மாதிரியும் சூடாகி, காற்று திட்டுத் திட்டாக மேலே கிளம்பும். அதில் மாட்டிய பலூன் பைலட் பேச்சைக் கேட்காது. இன்னொரு காரணம் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ எடை. அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 0.95 கிலோ. ஆக, ஒரு கன மீட்டருக்குக் கால் கிலோதான் தூக்கும் சக்தி. அதனால்தான் ஐந்து பேரைத் தூக்க 3,000 கன மீட்டர் கொள்ளும் பை தேவைப்படுகிறது; அது தூக்கும் முக்கால் டன்னில் பாதியைப் பையும் கூடையும் சிலிண்டர்களும் தின்றுவிடும். வெளியே குளிர்ந்திருந்தால் இந்தக் கால் கிலோ கொஞ்சம் கூடும், வெயிலில் குறையும். சித்திரை மாதத்துப் புதுக்கோட்டையில் மத்தியானம் பலூன் விட நினைப்பவர் பயணிகளில் ஒருவரையாவது இறக்கிவிட வேண்டியிருக்கும். முதலில் யாரை என்பதில் அந்தக் குடும்பத்தில் கருத்து வேறுபாடு இருக்காது. மணப்பாறையில் முறுக்குப் பொட்டலத்தைத் தனியாக ஒரு கை பார்த்தவர் குடும்பத் தலைவர்தான்.

மைதானத்தில் பலூன்கள் தரையில் விரித்த துணியாகக் கிடந்தன. பெரிய விசிறியைப் பலூனின் வாயில் வைத்து முதலில் குளிர்ந்த காற்றை ஊதினார்கள். பாதி உப்பியதும் பர்னரைப் பற்றவைத்தார்கள். வீடியோவில் பின்னணி இசை போட்டு மறைத்துவிடுகிற ஒரு விஷயம், பர்னர் போடும் சத்தம். எல்.பி.ஜி. தீ ஆளுயரத்துக்கு மேல் சீறும்போது, அமைதியான வானப் பயணம் என்று விளம்பரத்தில் படித்தது ஞாபகத்துக்கு வராது. எட்வர்ட் யோஸ்ட் என்ற அமெரிக்கர் 1960 அக்டோபர் 22-இல் நெப்ராஸ்காவில் புரொப்பேன் பர்னரை வைத்துப் பறந்து காட்டியதிலிருந்து தொடங்கிய சத்தம் அது. அதற்கு முன் வைக்கோல்.

வைக்கோலின் கதை இன்னும் நன்றாக இருக்கும். பிரான்ஸில் காகிதத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள் புகைதான் பலூனைத் தூக்குகிறது என்று நம்பி, புகை நிறைய வரட்டும் என்று ஈர வைக்கோலும் கம்பளியும் போட்டு எரித்தார்கள். தத்துவம் தப்பு, பலூன் மட்டும் ஏறிவிட்டது. 1783 செப்டம்பர் 19-இல் வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயி முன்னிலையில் மனிதரை ஏற்றப் பயந்து ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் கூடையில் வைத்து அனுப்பினார்கள். எட்டு நிமிடம் பறந்து காட்டுக்குள் இறங்கின. சேவலுக்கு மட்டும் இறக்கையில் அடி. வானத்தின் கெடுதலோ என்று அறிஞர்கள் கவலைப்பட, ஆடு உதைத்ததுதான் என்று பிறகு முடிவானது. மகள் இதைப் படித்துக் காட்டியபோது அப்பத்தா ஒரே கேள்விதான் கேட்டார்: "எறங்குன ஆட்டை என்ன செஞ்சாக?" அறுக்கவில்லை, அரண்மனை விலங்குகளோடு மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். அப்பத்தாவுக்கு அந்த மன்னரின் மேல் மதிப்புக் குறைந்தது தெரிந்தது.

நம்மவர் முறை வந்தது. பிரம்புக் கூடைக்குக் கதவு இல்லை. பக்கத்தில் உள்ள ஓட்டையில் கால் வைத்துத் தாவி ஏற வேண்டும். இறங்கும்போது தரையில் மோதும் அதிர்ச்சியை வளைந்து தாங்கிக்கொள்ளும் என்பதால் கார்பன், அலுமினியம் எல்லாம் வந்த பிறகும் பிரம்பை விட மனமில்லாமல் இருக்கிறார்கள். வேட்டியில் வந்திருந்தவர் ஏறிய காட்சியை மகன் வீடியோ எடுத்தான். அது குடும்ப ஒற்றுமை கருதி வெளியிடப்படவில்லை.

ஏறிய பிறகுதான் அவர் கயிற்றைக் கவனித்தார். இத்தகைய விழாக்களில் பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தரையோடு கட்டிய பயணம்தான். பலூன் மேலே போகும், நிற்கும், அதே இடத்தில் இறங்கும். பாதுகாப்புக்கு அதுவே சரி. ஆனால் ஊரில் அவர் சொல்லிவிட்டு வந்தது வேறு. தென்னை உச்சிகள் காலுக்குக் கீழே போயின. கிழக்கே வானம் சிவந்தது. பர்னரின் சூடு குல்லாவையும் தாண்டி மண்டையில் இறங்கியது. அவர் தன்னை மறந்து, "அடேயப்பா" என்றார். கீழேயிருந்து அப்பத்தாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "கயித்துல கட்டிப்போட்டா எப்புடிப்பா மேயும்?"

ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் கயிறு இல்லை. அந்த அளவுக்கு வெட்டத் தெரிந்த பிள்ளையைப் பெற்றதில் அவருக்குப் பெருமை.

கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பொள்ளாச்சியிலேயே சான்று உண்டு. ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. தை மாதத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளிக்குள் நுழைந்து கேரளாவைப் பார்த்துப் போகும். 2025 ஜனவரியில் இங்கிருந்து கிளம்பிய ஒரு பலூன் எல்லை தாண்டிப் போய் பாலக்காடு மாவட்டம் கன்னிமாரியில் நெல் வயலில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் வயலுக்குக் கிளம்பியவர்களுக்கு எதிரே வானத்திலிருந்து தமிழ் பேசும் விருந்தாளிகள் வந்தால் வேறென்ன செய்ய முடியும், பத்திரமாக இறக்கிவிட்டார்கள்.

எல்லா ஊரும் அப்படி இருந்ததில்லை. 1783 ஆகஸ்ட் 27-இல் பாரிஸில் ஜாக் சார்ல் விட்ட ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் கோனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தபோது, அது மூச்சு விடுவதையும் நாறுவதையும் பார்த்த விவசாயிகள் கவைக்கோலால் குத்திக் கிழித்து, குதிரை வாலில் கட்டி இழுத்துப்போனார்கள். இப்படியொரு பொருள் இனி அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம் என்று அரசாங்கமே அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 239 ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து சோதனைக்காக அனுப்பிய பெரிய கூண்டு ஒன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டம் மொகுலிகுண்ட்லாவில் வயலில் வந்து இறங்கியது. விண்கலம் என்று செய்தி பரவி ஊர் திரண்டது. கோனெஸுக்கும் மொகுலிகுண்ட்லாவுக்கும் நடுவில் மனித குலம் கண்ட முன்னேற்றம், கையில் கவைக்கோலுக்குப் பதில் செல்போன். பலூன் சரித்திரத்தை எழுதியவர்கள் ஏறியவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். யார் வயலில் விழுந்ததோ அவருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

திரும்பும் வழியில் காருக்குள் புதுக்கோட்டை பலூன் திட்டம் தயாரானது. திருச்சி விமான நிலையத்து அனுமதி எல்லாம் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு மகன் செல்போனில் வரைபடத்தை விரித்தான். தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்; புதுக்கோட்டையில் கிளம்பினால் திருமயத்தையோ பொன்னமராவதியையோ பார்த்துப் போகும். 1687-இல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டையின் உச்சியில் இன்றும் பீரங்கி வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதன் பார்வையில் படாமல் தாண்டினாலும், வழியெல்லாம் சீமைக்கருவேலம். முள்ளில் இறங்கிய பலூனுக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் கிடையாது. கண்மாயில் இறக்கலாமென்றால் பொங்கல் நேரத்தில் தண்ணீர் இருந்தாலும் இருக்கும். ஜல்லிக்கட்டுத் திடலில் இறங்கினால் அவிழ்த்துவிட்ட காளை இதையும் ஒரு போட்டியாளராக எடுத்துக்கொள்ளும்.

"அப்ப ஆடியில விடுவோம்" என்றான் மகன். ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். பலூன் ஆலங்குடிப் பக்கம் போகும். ஆனால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தாலே பெரும்பாலான பைலட்டுகள் துணியை மடித்து வைத்துவிடுவார்கள். அம்மி பறக்கிற மாதத்தில் பலூனுக்கு வழியில்லை என்று மகள் அறிவித்தாள்.

ஆலங்குடி என்றதும் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பத்தா கண் விழித்தார். அவருடைய கடலைக்கொல்லை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்குக் களையெடுக்க ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு வருடமும் அலைவது அவர்தான்.

"நம்ம கொல்லையில எறங்குனா எறங்கட்டும். வந்தவுக களையெடுத்துட்டுத்தான் போகணும். எத்தனை பேரு ஏறுவாக அதுல?"

"அஞ்சு பேரு, அப்பத்தா."

"பத்தாது. பெருசாக் கொண்டாரச் சொல்லு."