கேணி ராத்திரி என்ன செய்யும்?

கேள்வி: தேர்வு எழுதி எட்டு மாதம் ஆச்சு, ரிசல்ட்டைக் காணோம். "நேரம் வரும், பொறு" என்கிறார் பாட்டி. சும்மா காத்துக் கிடப்பதிலும் ஆன்மிகம் இருக்கா சார்?
(வாசகர், சுத்துக்கேணி, புதுச்சேரி)

ஊர்ப் பெயரிலேயே கேணியை வைத்துக்கொண்டு இதைக் கேட்கலாமா? சாயங்காலம் இறைத்து முடித்தால் அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். விடிந்து எட்டிப் பார்த்தால் நாலு படி ஏறியிருக்கும். ராத்திரி அது சும்மாவா கிடந்தது?

புதுச்சேரிக்கே இப்படிக் காத்திருப்பதில் அனுபவம் ஜாஸ்தி. 1908-ல் பிரிட்டிஷ் கைதுக்குத் தப்பி, அப்போது பிரெஞ்சு ஊரான இங்கே ஒதுங்க வந்த பாரதியாருக்கு 'இந்தியா' பத்திரிகையும் 1910-ல் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும். 1910-ல் வந்த அரவிந்தரோ 1950-ல் மறையும் வரை கிளம்பவே இல்லை! பாரதியார் பத்து வருஷம் பொறுத்து, 1918 நவம்பரில் எல்லை தாண்டினார். கடலூர்ப் பக்கம் ரிசல்ட் உடனே வந்தது: கைது.