கை நனைக்காமை: முறிந்த உறவுகளின் சொல்லடுக்கு பற்றிக் கீழவாஞ்சூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜில்ட், டிச், டிசர்ட், பிட்ரே, பிரேக்-அப் என்று உறவை முறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்து கைவிட்டால் ஜில்ட். பாதியில் கழற்றிவிட்டால் டிச். நம்பியவரை எதிராளியிடம் காட்டிக்கொடுத்தால் பிட்ரே. எல்லாம் நுட்பமான சொற்கள்தாம். ஆனால் முறித்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. முறிந்த பிறகு அவன் வீட்டு வாசலில் ஏறலாமா, கொடுத்தால் காபி குடிக்கலாமா, அவன் வீட்டு இழவுக்குப் போய் நிற்கலாமா என்ற நடைமுறைக் கேள்விகளுக்கு அவற்றிடம் பதில் இல்லை. தமிழ்ச் சொற்கள் இந்தக் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். எழுதும்போதே அது நிரூபணமாகிவிட்டதாக ஆய்வாளர் கருதுகிறார். ஆயினும் ஆய்வு நெறிக்குக் கட்டுப்பட்டுத் தரவுகளுக்குச் செல்வோம்.

ஆய்வுக் களமாகக் கீழவாஞ்சூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காரைக்கால் மாவட்டத்தின் தெற்கு எல்லையில், நாகூருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் எதற்கென்பது குடிமக்கள் அறிந்ததே. கொள்வினை கொடுப்பினை மட்டும் எல்லை பார்ப்பதில்லை. இங்கே வாழ்க்கைப்பட்ட நாகூர்ப் பெண் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினால், ஒரு ஷேர் ஆட்டோவில் வேறு மாநிலம் போய்விடுகிறாள். இரு மாநிலங்களுக்கு இடைப்பட்ட இவ்வகை ஊடலைப் பரிமேலழகர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. காரைக்காலையும் கணக்கில் சேர்த்துப் புதுச்சேரிக்கு 2007-இல் 7 டிஎம்சி காவிரித் தண்ணீர் ஒதுக்கிய நடுவர் மன்றம் போல, இந்த வழக்குகளுக்கும் ஒன்று அமைந்திருந்தால் நாட்டுக்கு நல்லது. அங்கும் தீர்ப்பு வர 17 ஆண்டுகள் ஆகும் என்பது மட்டுமே ஆட்சேபம்.

பரிமேலழகரைக் குறிப்பிட்டதால் அவரை முடித்துவிடலாம். குறளில் பிணக்கிற்கென்றே புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என மூன்று அதிகாரங்கள். புலவி இளைய சண்டை, துனி முதிர்ந்த சண்டை என்று உரைகாரர் பிரிக்கிறார். இவ்விரண்டும் இல்லாத காதலை வள்ளுவர் முறையே பிஞ்சோடும், பழுத்து விழப்போகும் கனியோடும் ஒப்பிடுகிறார். ‘காய் விட்டேன்’, ‘பழம் விட்டேன்’ என்று இன்றும் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் விரல் காட்டுவது இந்தக் குறளின் நேரடித் தாக்கமே என்று இவ்வாய்வாளர் அடித்துச் சொல்கிறார். ஆதாரம் கேட்பவர்களோடு அவர் காய்.

இனி வட்டார வழக்கு. முதல் படி ‘மூஞ்சி சரியில்லை’. இது வானிலை அறிவிப்பைப் போன்றது. கரையைக் கடக்கும் நேரம் யாருக்கும் தெரியாது. அடுத்தது ‘பேச்சுவார்த்தை இல்லை’. பேச்சு இல்லையென்றால் பேசுவதில்லை என்று நினைப்பது புத்தகப் படிப்பாளிகளின் பிழை. பேச்சு உண்டு, நேரடியாக இல்லை, அவ்வளவே. “உங்க அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு” என்பாள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். குழந்தை இல்லாத வீட்டில் சுவருக்குச் சொல்லப்படும். மூன்றாவது ‘போக்குவரத்து இல்லை’. பஸ் கம்பெனிக்காரர் சொல்வது போலிருந்தாலும் பொருள் ஆழமானது: தெருவில் பார்த்தால் பேச்சு உண்டு, வீட்டுக்குள் வருவதில்லை.

நான்காவது படியில்தான் தமிழர் நாகரிகம் உச்சம் தொடுகிறது. கல்யாண மண்டபத்துக்குப் பங்காளி ஒருவர் வருகிறார். போன வருஷம் வரப்புத் தகராறு. வாசலில் சந்தனம் தொடுகிறார், கற்கண்டு எடுத்துப் பையில் போடுகிறார், வாயில் அல்ல. நேராக மொய் மேசை. ஐந்நூற்று ஒன்று. இனிஷியல் சரியாக விழுகிறதா என்று நோட்டை எட்டிப் பார்க்கிறார். திரும்பி வண்டிச் சாவியை எடுக்கும்போது பெண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

“அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே.”

“சுகர் இருக்குப்பா.”

“சப்பாத்தி போட்டிருக்குண்ணே.”

“பல்லு வலி.”

வண்டி கிளம்பிவிடுகிறது. இதுவே ‘கை நனைக்காமை’. பணம் கொடுத்தாயிற்று, வந்ததற்குச் சாட்சி நோட்டில் ஏறிவிட்டது, நாளை தன் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரவும் வேண்டும். உறவு கணக்கில் உயிரோடிருக்கிறது, வயிற்றில் செத்துவிட்டது. இதை ஒற்றைச் சொல்லில் பெயர்க்க ஆங்கிலத்தால் ஆகாது. இதைவிட நயமான அவமதிப்பு எந்த இலக்கியத்திலும் இல்லை என்பது என் துணிபு.

ஐந்தாவது, ‘நல்லதுக்கு இல்லை, கெட்டதுக்கு உண்டு’. பத்திரிகை வைக்கப்படாது, ஆனால் சாவுக்குச் சொல்லி அனுப்பினால் மாலையோடு வந்துவிடுவார்கள். கடைசிப் படி ‘தலைமுழுகிட்டேன்’. உயிரோடிருப்பவருக்குச் செய்யும் தீட்டுக் குளியல். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதற்கான தண்ணீருக்கு மட்டும் எக்காலத்திலும் தட்டுப்பாடு வந்ததில்லை.

துரோகத்துக்கு வருவோம். டிச் என்றால் பள்ளம். ஆங்கிலேயன் பள்ளத்தில் தள்ளுவதோடு சரி. பள்ளத்தை வெட்டியது யார் என்று அவன் சொல்வதில்லை. நம் ஆள் குழியைத் தானே பறிக்கிறான், பிறகு காலையும் தானே வாருகிறான். உழைப்புக்கு உரிய மரியாதையைத் தமிழ் கொடுத்திருக்கிறது. பிட்ரே, ட்ரீசன், ட்ரெடிஷன் மூன்றும் ஒப்படைத்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. மகனிடம் ஒப்படைத்தால் மரபு, எதிரியிடம் ஒப்படைத்தால் துரோகம். மகனே எதிரியாகும் வீடுகளில் என்ன செய்வது என்று லத்தீன்காரர்கள் யோசிக்கவில்லை.

விசுவாசத்தைப் படிவம் நிரப்பி மாற்றிய அனுபவமும் இப்பகுதிக்கு உண்டு. 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் இந்தியர். இரு நாடுகளில் எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி தீர்வதற்குள் பதில் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசியலில் சொல்லைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு. 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாம் அட்டவணைப்படி, கட்சியை விட்டு ஓர் உறுப்பினர் போனால் கட்சித்தாவல், பதவி போகும். மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து போனால் அது ‘பிளவு’, பதவி நிற்கும். மூன்றில் இரு பங்கினர் ஒப்புக்கொண்டு வேறு கட்சியோடு சேர்ந்தால் ‘இணைப்பு’, அதற்கும் பழுதில்லை. 2003-இல் செய்த திருத்தம் பிளவை எடுத்துவிட்டது. இணைப்பு இன்னும் இருக்கிறது. ஒருவன் செய்தால் துரோகம், கூட்டமாகச் செய்தால் கொள்கை முடிவு. வரப்புத் தகராறுப் பங்காளி தனியாகக் கிளம்பிப் போனது எத்தனை பெரிய தந்திரப் பிழை என்பது இப்போது விளங்கும். பந்தியில் மூன்றில் இரு பங்கைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தால் அது சட்டப்படி செல்லும்.

இவ்வாய்வில் விடுபட்ட சொற்களைத் திருமலைராயன்பட்டினம், நாகூர் வட்டார வாசகர்கள் எழுதி அனுப்பலாம். எடுத்துக்காட்டுத் தரும்போது மாமனார் பெயரைக் குறிப்பிட வேண்டாம். இதழ் அவர் வீட்டுக்கும் போகிறது.