தேசிக்காய்ச் சந்தையில் ஒரு கம்பஸ் பெடியன்: ஜெயபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களைப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று முதலிய ஒன்பதாக வகுத்தார். பொறியியலாளனின் இளமைப் பெயரை மட்டும் விட்டுவிட்டார். அந்தக் குறையை ஜெயபுரத்தார் தீர்த்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் வழங்கும் சொல் ‘கம்பஸ் பெடியன்’.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. சிவில், மின், கணினி, இயந்திரம் என்று அங்கே துறைகள் உண்டு. இந்தப் பாகுபாட்டை ஜெயபுரம் ஏற்பதில்லை. “இஞ்சினியர் எண்டா இஞ்சின் பாக்கிறவன்” என்பது ஊரின் சொற்பிறப்பியல். ஆங்கிலச் சொல்லின் வேர் ‘சாமர்த்தியம்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல் என்பார்கள் அகராதிக்காரர். ஊரார் அதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பழைய கார் ஒன்றை விற்றுக் காட்டினால் சாமர்த்தியமும் நிரூபணமாகிவிடும்.

ஆய்வுப் பரப்பான ஜெயபுரம் பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குகிறது. இங்கே கார் விற்பனை என்றால் கண்ணாடி அறையும் கழுத்துப்பட்டியும் அல்ல. ஒரு கைத்தொலைபேசி, இக்மன், ரியசெவன இணையத்தளங்களில் வந்த விளம்பரங்கள், ஒரு வேப்பமர நிழல், அறிமுகப்படுத்திவிட்டால் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் தரகுக் காசு. காரோடு நில்லாமல் பட்டா லொறியும் டொல்பின் வானும் லேண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமும் இத்தொழிலில் அடங்கும். ஆய்வுக்கான பெடியனை யாரையும் நோகடிக்காமல் நாமே கற்பித்துக்கொள்வோம்: சிவில், மூன்றாம் வருடம், சொந்தமாக ஒரு சைக்கிள்.

அவன் இதில் இறங்கிய காரணத்துக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயில் நின்றது. 2025 வரவுசெலவுத் திட்டம்தான் அதை 7,500 ஆக்கியது. அறை வாடகை, பஸ், சாப்பாடு, போட்டோக் கொப்பி. கூட்டிக் கழித்துப் பார்க்கச் சிவில் படிக்க வேண்டியதில்லை.

இனிக் கோட்பாடு. 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று சஞ்சிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன; விடயம் அற்பமானது என்பது அவற்றில் இரண்டின் கருத்து. (அற்பத்தை ஆராய்கிற இந்தக் கட்டுரைக்கு இதைவிட நல்ல குலதெய்வம் கிடைக்காது.) காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி ஒதுங்குவான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டைகள்தான். அமெரிக்கர் ஓட்டைக் காரைத் தேசிக்காய் என்பார்கள். ஆகவே அது ‘தேசிக்காய்ச் சந்தை’ ஆயிற்று.

நம்மிடம் தேசிக்காய் காருக்குக் கீழே இருக்கும். வாங்கிய வாகனத்தை அறிவியல் நகருக்குத் தெற்கே, ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, ரயருக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து, கச்சான் வாங்கித் தின்றுகொண்டு திரும்புவது வழக்கம். அக்கர்லொஃப் கண்டுபிடித்த நோய்க்கு இது பரிகாரமா என்பதைப் பிற்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது கூடவே பெற்றவர்களில் ஒருவர் மைக்கல் ஸ்பென்ஸ். படிப்பு ஒருவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்காவிட்டாலும் அவன் கெட்டிக்காரன் என்பதற்கு அடையாளமாக நின்று வேலை வாங்கித் தரலாம் என்பது அவர் காட்டிய வழி. இந்த இரண்டு நோபல்காரரும் சந்திக்கிற இடம் ஜெயபுரம். சந்தையில் நம்பிக்கை இல்லை. ஊரில் ஒரு கம்பஸ் பெடியன் இருக்கிறான். அவனுக்குக் கியர்பொக்ஸ் பற்றித் தெரிந்தது ஒரு அத்தியாயமும் இல்லை. ஆனாலும் அவன் பொனற்றைத் திறந்து குனிந்து பார்த்தான் என்றால் காரின் மதிப்புக் கூடிவிடுகிறது. கொழும்பு விளம்பரங்களில் ‘லேடி டொக்டர் பாவித்தது’ என்ற தொடர் என்ன வேலை செய்கிறதோ அதையே இங்கே “கம்பஸ் பெடியன் பாத்தது” செய்கிறது. டொக்டர் காரில் ஏறியாவது இருக்கிறார்.

பெடியன் தொழிலைக் கற்றுக்கொள்வது விரிவுரையில் அல்ல. காலையில் எஞ்சின் சூடேறுமுன் போக வேண்டும்; சூடாக்கி வைத்திருந்தால் அதுவே முதல் சந்தேகம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு சின்னக் காந்தத்தைக் கதவில் வைத்தால், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாமல் விழும். மீற்றரைப் பின்னால் சுற்றலாம், பிரேக் பெடலின் றப்பரை யாரும் சுற்றுவதில்லை. மீற்றர் 48,000 என்கிறது, பெடலோ வரிகள் தேய்ந்து பழைய செருப்பு மாதிரி வழுவழுக்கிறது. கடைசியாக ஒயில் மூடியைக் கழற்றி அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பால்தேத்தண்ணி நிறத்தில் பசை அப்பியிருந்தால் ஹெட் காஸ்கற் போயிருக்க வாய்ப்புண்டு.

அப்போதுதான் தரகர் அவன் காலை மிதிப்பார். இந்த ஆய்வின் மையச் சிக்கல் அந்த மிதியில் இருக்கிறது. உண்மை சொன்னால் தரகு இல்லை. சொல்லாவிட்டால்?

விடைக்கு ஓர் ஒப்பீடு: டெட்ரொயிட் பக்கம் ஜோ ஜிரார்ட் என்பவர் 1963 முதல் 1977 வரை 13,001 கார்களை ஒவ்வொன்றாகச் சில்லறையில் விற்றுக் கின்னஸில் இடம்பிடித்தார். பள்ளிக்கூடத்தையே முடிக்காதவர். அவருடைய வாடிக்கையாளர் ஒரு மாநகரம். நம் பெடியனிடம் வாங்குகிறவர் நாலு வீடு தள்ளி இருப்பார். காஸ்கற் போனால் அடுத்தநாள் காலை வாசலில் நிற்பார். அவனைக் கூப்பிட மாட்டார், அம்மாவைக் கூப்பிடுவார். பிறகு கோயிலிலும் சங்கக் கடையிலும் பஸ்ஸிலும் இதே கதைதான். தேசிக்காய்ச் சந்தை நடக்க அந்நியர்கள் வேண்டும். ஜெயபுரத்தில் அதற்குப் போதிய அந்நியர் இல்லை.

படிப்பு வியாபாரத்துக்கு இடைஞ்சலான இன்னோர் இடம் தேய்மானம். வாகனத்தின் பெறுமதி ஆண்டுக்காண்டு நேர்கோட்டில் இறங்கும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்குகிறான். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடம் கார் கிழடாகக் கிழடாக விலை ஏறியது. “வாங்கின விலையை விடக் கூட வித்தனான்” என்று ஒருவர் வந்து சொல்லும்போது, விடைத்தாளில் எழுதிய கோட்டை எங்கே ஒளிப்பது?

ஊர்க் கிழவர்களிடமும் அவன் தோற்க வேண்டியிருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் கிடைக்காதபோது ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் அவை தாங்கின. காரணத்தைப் பெடியன் சொல்லுவான். செய்தவர்கள் காரணம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

எஞ்சினியரிங் படித்துக் கார் விற்பதில் உச்சம் தொட்டவர் லீ ஐயக்கோக்கா. 1946இல் ஃபோர்ட்டில் பயிற்சிப் பொறியியலாளராகச் சேர்ந்து, தானே கேட்டு விற்பனைக்கு மாறினார். 1956இல் பிலடெல்பியாவில் ஒரு திட்டம் போட்டார்: 20 வீதம் முற்பணம், மிச்சத்துக்கு மூன்று வருடம் மாதம் 56 டொலர். கார் பறந்தது. கிளிநொச்சியில் இதற்குப் பெயர் லீசிங். தவணை தவறினால் இங்கேயும் கார் பறக்கும், திசைதான் வேறு.

இனிக் கள ஆய்வின் இறுதிக் காட்சி. எல்லாம் பார்த்து, காந்தம் ஒட்டி, ஒயில் மூடி சுத்தமாக இருந்து, ஒரு ஓல்ற்றோ கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். முறிகண்டியில் தேசிக்காய் நசிந்துவிட்டது. வாங்கியவர் கச்சானை உடைத்தபடி கேட்கிறார்:

“தம்பி, நீ கம்பஸில என்ன படிக்கிறாய்?”

“சிவில், மாமா.”

“அதில என்ன வரும்?”

“றோட்டு, பாலம், கட்டடம்…”

மாமாவின் கை கச்சான் சரையில் நின்றுவிடுகிறது. “அப்ப கார்?”

“கார் அதுக்கு மேலால போகும், மாமா.”